ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம்

கல்லேரிப்பட்டியில் யார் வீட்டு வாசலில் நின்று வருமானம் என்னவென்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். எழுபத்திரண்டாயிரம். மாதம் ஆறாயிரம், வருஷத்துக்கு எழுபத்திரண்டு. மாடி வீட்டுக்காரரும் அதையே சொல்வார், தகர வீட்டுக்காரரும் அதையே சொல்வார். வருமானச் சான்றிதழில் அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் பிள்ளைகளின் உதவித்தொகை முதல் தையல் மிஷின் வரை எல்லாம் கைநழுவிப் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே இருப்பவர்கள் மானத்துக்குப் பயந்து அதையே சொல்வார்கள். மொத்தத்தில் இவ்வளவு சமத்துவமான ஊரை நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது.

வெற்றிச்செல்வியிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. கிராமத்துக் குடும்பங்களின் வருமானம் காலப்போக்கில் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று கணிப்பதற்காகத் திருச்சியில் ஒரு ஆய்வு நிறுவனம் இருந்தது. அதற்காக ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் எழுதி வருவது பெரம்பலூர்க்காரியான இவள் வேலை. இவள் வருமானத்தைக் கேட்கவே மாட்டாள். சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருகிறது, தீபாவளிக்கு யார் யாருக்குத் துணி எடுத்தீர்கள், ரேஷன் அரிசி சாப்பாட்டுக்கா, இட்லிக்கா, கோழிக்கா என்று சும்மா பேச்சுக் கொடுப்பாள். கோழிக்குப் போடும் வீடு ஒரு ரகம், மூன்று வேளையும் அதையே வடிக்கும் வீடு ஒரு ரகம். அரை மணி நேரத்தில் அந்த வீட்டின் அடுப்படி முழுக்க அவள் கைக்கு வந்துவிடும். அதைக் கூட்டிக் கழித்து ஒரு வருமானம் எழுதுவாள். ஆயிரம் ஐந்நூறு முன்பின் இருக்குமே தவிர, பொய்யாக இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால்தான் என்ன? ஒரு நாளைக்கு எழுநூறு ரூபாய்க்கு வெயிலில் அலைகிறவளுக்கு வேறென்ன மிச்சம்?

இப்படி எழுதிய வீடுகளைக் குறைந்த வருமானத்திலிருந்து கூடிய வருமானம் வரை வரிசையாக நிறுத்துவார்கள். சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்தான் ஊரின் வருமானம். “சராசரி எடுத்தா ஒரே ஒரு பணக்காரன் ஊரையே பணக்கார ஊரா ஆக்கிடுவான். நடுவுல நிக்கிறவன் ஏமாத்த மாட்டான்” என்று மேற்பார்வையாளர் அரங்கநாதன் சார் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார். 2014இல் கல்லேரிப்பட்டியில் அறுபத்தொரு வீடுகள். நடுவில் நின்ற முப்பத்தோராவது வீட்டுக்கு ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். 2019இல் நடுவீட்டுக்கு எண்பத்தோராயிரம். ஊர் வளர்கிறது என்று அரங்கநாதன் சார் போனில் பாராட்டினார்.

மூன்றாவது முறையாக 2024 செப்டம்பரில் அரியலூரில் பஸ் மாறி, ஆலத்தியூர் போகும் வழியில் இறங்கி நடந்தபோது வெற்றிச்செல்விக்கு ஊர் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சாலைக்கு வடக்கே பருத்தியும் சோளமும் நின்ற இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. வெளிக்கு அப்பால் நிலமே இல்லை. சுண்ணாம்புக்கல் எடுத்த குழி. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கும் இந்தக் குழிக்கும் சம்பந்தமில்லை. இது எங்கிருந்தோ வந்த வேறொரு கம்பெனி, வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. போன முறை குழி தூரத்தில் இருந்தது. இப்போது அதன் வெள்ளை உதடு ஊர் மேட்டுக்கு நேர் கீழே வந்து நின்றது.  

மேட்டின் மேல் தனியாக நின்றது கலியம்மாளின் வீடு. எப்போதும் முதல் வீடு அதுதான். நிலைப்படியில் நிறுவனம் கொடுத்த நீலச் சீட்டில் ‘1’ என்று 2014இல் வெற்றிச்செல்வியே ஒட்டியிருந்தாள். அது வெளுத்துப் போயிருந்ததால் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து அதன் மேலேயே ஒட்டினாள்.

அங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெற்றிச்செல்வியின் அம்மா ஆண்டாயி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் கூடையில் சின்ன வெங்காயம் விற்றவள். கைராசிக்காரர் யாராவது முதல் போணி பண்ணினால்தான் கூடை காலியாகும் என்பாள். அந்த முதல் காசைக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் தனியாக முடிந்துகொள்வாள். அன்றைய வியாபாரக் கணக்கில் அதைச் சேர்க்கவே மாட்டாள். சேர்த்தால் ராசி போய்விடுமாம். மகளுக்கு வெங்காயக் கூடை வாய்க்கவில்லை, நோட்டுதான் வாய்த்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? முதல் வீட்டை நோட்டின் முதல் பக்கத்தில் தனியாக எழுதி, மூலையில் மஞ்சள் பொட்டு வைப்பாள். மற்ற வீடுகள் இரண்டாம் பக்கத்திலிருந்து வரிசையாக வரும். கலியம்மாளில் தொடங்கிய இரண்டு முறையும் வேலை தடங்கலில்லாமல் முடிந்தது. அந்த நம்பிக்கை.

“வா வெற்றி. அஞ்சு வருசம் ஆயிப்போச்சா? வெயில்ல நிக்காத, உள்ள வா.”

உள்ளே கலியம்மாளின் கணவர் நடராசன் மாலை போட்ட படமாகச் சுவரில் இருந்தார். போன முறை இதே கூடத்தில் உட்கார்ந்து மக்காச்சோள விலையைப் பற்றிச் சலித்துக்கொண்டவர். வெற்றிச்செல்வி படத்தையே பார்த்தாள்.

“ரெண்டு வருசம் ஆச்சு” என்று கலியம்மாளே சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்தாள்.

2014இல் அவள் டீயைக் காகிதக் கப்பில் கொடுத்தாள். 2019இல் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர், குடித்துவிட்டு வெற்றிச்செல்வியே கழுவி வைத்தாள். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொன்னதில்லை. இப்போது கலியம்மாள் தான் குடித்துக்கொண்டிருந்த சொம்பிலிருந்தே ஊற்றி, தன் டம்ளரை நீட்டினாள். நீட்டிவிட்டுத் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வசதி போனால் சில பேருக்கு இதுவும் சேர்ந்து போகும். வெற்றிச்செல்வி அதைக் கவனித்தாள், மோரைக் குடித்தாள்.

மணி ஒன்றரை. குழிப்பக்கம் சங்கு ஊதியது. கலியம்மாள் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிச் சொம்பைப் பிடித்துக்கொண்டாள். தரைக்கு அடியில் எதுவோ புரண்டு படுத்ததுபோல் வீடு ஒரு முறை குலுங்கியது. கதவு அடைத்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த, அந்த மண்ணில் கிடைக்கும் நத்தைபோல் சுருண்ட நத்தைக்கல் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

“முந்தி வெடி வெச்சா சொம்புல தண்ணி மட்டும் ஆடும். இப்ப சொம்பே நவுருது” என்றாள் கலியம்மாள்.

வெற்றிச்செல்வி வழக்கம்போல் சிலிண்டரில் ஆரம்பித்தாள். மாற்றி ஏழு மாதம் ஆகிறதாம். விறகுப் புகை சுவரில் புதுசாக ஏறியிருந்தது. எண்ணெய்ச் செலவு கேட்டாள், அதுவும் சரியில்லை.

“குருமூர்த்தி துபாய்லேர்ந்து அனுப்புறாருல்லம்மா? மாசம் இருபத்தஞ்சாயிரம் வருதுன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க.”

கலியம்மாள் எழுந்து, காலால் நத்தைக்கல்லைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பதினாலு மாசமா என் மவங்கிட்டேர்ந்து ஒத்தப் பைசா வரல. கம்பெனிய மூடிட்டானாம். பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட மாட்டிக்கிச்சு. அது ஊருக்குத் தெரியாது. மாசம் பொறந்தா மொத வாரத்துல நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு அரியலூர் பேங்குக்குப் போறேன். பேன் காத்துல ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு, பை நெறயப் பழைய பேப்பர வெச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வரேன். பஸ்ல எந்திரிச்சு எடம் குடுக்கறாங்க வெற்றி!”

சொல்லிவிட்டுக் கலியம்மாள் சிரித்தாள். வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

“எதுக்கும்மா இந்த வேசம்?”

“ராசாங்கத்துக்குத்தான்.”

ராசாங்கம் கம்பெனிக்கு நிலம் முடித்துக் கொடுக்கும் புரோக்கர். அவனைப் பற்றிச் சொல்லும்போது கலியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“அவன் எல்லா வூட்டுக்கும் போவ மாட்டான். இல்லாதவன் வூட்டு வாசல்லதான் செருப்பக் கழட்டுவான். காதுகுத்துக்குக் காசில்லாத வூடு, ஆஸ்பத்திரிக்குக் காசில்லாத வூடு. எப்புடித்தான் மோப்பம் புடிப்பானோ! பணத்தக் கொண்டாந்து முன்னால வெச்சுட்டுப் பேசாம ஒக்காந்துருவான். என் ரெண்டு ஏக்கரும் இந்த மேடும்தான் குழிக்கும் ஊருக்கும் நடுவுல கெடக்கு. நான் கையெழுத்துப் போட்டன்னா குழி ஊருக்குள்ள வந்துரும். என் மவன் சம்பாதிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு இந்தப் பக்கமே வராம இருக்கான்.”

“வந்தா முடியாதுன்னு சொல்லிடுங்களேம்மா.”

“என் மவ ஆர்த்திக்கு நர்சிங் படிப்பு. இந்த வருசப் பீஸு இன்னும் கட்டல. பணம் கண்ணு முன்னால இருந்தா வேணாம்னு சொல்லுவனா? எனக்கே தெரியல. அதான் பயமே.” கலியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “யாருகிட்டயும் சொல்லாம நெஞ்சு அடச்சுப்போச்சு, ஒங்கிட்ட கொட்டிட்டேன். நீயும் ஊரோட ஒண்ணா எழுவத்திரண்டாயிரம்னே எழுதிக்கயேன்.”

எழுதியிருக்கலாம். ஒரு கை அசைப்புதான். ஆனால் பத்து வருஷக் கர்வம் விடவில்லை. வேலையில் பொய் எழுதிப் பழக்கமில்லை என்று அதற்கு நல்ல பெயர் வேறு வைத்துக்கொண்டாள்.

“வீட்டுப் பேரே போவாதும்மா. வெறும் நம்பர்தான் போவும். எனக்குத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பயப்படாதீங்க.”

அவள் அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள். நூறு நாள் வேலைக் கூலி, ஒரு போகம் சோளம், விற்ற இரண்டு ஆடுகள் எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரம். நோட்டில் எழுதி மஞ்சள் பொட்டு வைத்தாள். பிறகு ஆபீஸ் கொடுத்த டேப்லெட்டில் ஏற்றினாள். மேட்டில் மட்டும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். வாசலைத் தாண்டுவதற்குள் அது தானாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்து, பச்சை டிக் ஒன்று விழுந்தது. அனுப்பிய பிறகு அதைத் திருத்த முடியாது. போணி ஆகிவிட்டது என்று அவள் டேப்லெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினாள்.

கீழே ஊருக்குள் நெட் சிக்னல் கிடையாது. எழுதியதெல்லாம் டேப்லெட்டிலேயே கிடக்கும். மறுபடி மேட்டுக்கு வந்தால்தான் போகும். மூன்று நாள் எழுதினாள். எழுதியதைவிடப் பூட்டுகளைப் பார்த்ததுதான் அதிகம். போன முறையே பன்னிரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. இந்த முறை மேலும் பன்னிரண்டு. பூட்டிய வீட்டைப் பட்டியலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை. செல்லமுத்து வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சுவரில் தேதி கிழிக்காத காலண்டர் தொங்கியது, தரையில் ஒரு குழந்தைச் செருப்பு. வாசல் சுவரில் கம்பெனிக்காரர்கள் சிவப்புப் பெயிண்டில் ஒரு குறுக்குக் கோடு இழுத்திருந்தார்கள். பூட்டிய எல்லா வீட்டிலும் அந்தக் கோடு இருந்தது.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது அவளுக்கே மலைப்பாக இருந்தது. இப்போதைய நடுவீடு அய்யாக்கண்ணுவுடையது. ஒரு லட்சத்து எட்டாயிரம். பத்து வருஷத்தில் ஊர் வருமானம் கிட்டத்தட்ட இரட்டிப்பு! அரங்கநாதன் சார் குதிப்பார்.

“மேடம், முடிஞ்சுதுங்களா?”

வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கக்கத்தில் ஒரு பைல். ராசாங்கம். கேட்காமலே அவளுக்கு ஒரு டீ சொன்னான். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு.

“இந்தத் தடவ லிஸ்டு எப்ப வருங்க?”

“எந்த லிஸ்டு?”

“நீங்க வூடு வூடா எழுதுறீங்களே, அதாங்க. போன தடவ மூணு மாசம் இழுத்துட்டாங்க. இந்தத் தடவ நீங்க அனுப்பி முடிக்கிற அன்னைக்கே குடுத்துடறேன்னு திருச்சி ஆபீஸ்ல நம்ம ஆளு சொல்லிட்டாரு.”

விளையாடுகிறானா என்று பார்த்தாள். அவன் பைலைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன தாள் ஒன்றை எடுத்து அவள் மடியிலேயே வைத்தான். பெயர்கள் இல்லை, வெறும் நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய். கூடியதில் தொடங்கிக் குறைந்தது வரை இறங்கும் வரிசை. அவள் 2019இல் எழுதியது. நம்பர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் வீட்டுக்காரர் பெயர்களை எழுதி வைத்திருந்தான். அதற்கென்ன சிரமம்? நம்பர்களைத்தான் அவளே ஒவ்வொரு நிலைப்படியிலும் நீலச் சீட்டாக ஒட்டி வைத்திருக்கிறாளே.

“ஒங்க கணக்கு தப்பவே தப்பாதுங்க மேடம். தாலுக்கா ஆபீஸ் கணக்கையும் வாங்கிப் பாத்தோம். எல்லா வூட்டுலயும் எழுவத்திரண்டாயிரம். அத வெச்சுக்கிட்டு யார் வூட்டுக்கு மொதல்ல போறது, சொல்லுங்க?” அவன் மேட்டைப் பார்த்து மோவாயை ஆட்டினான். “அந்த ஒத்த வூடுதான் இடிக்குது. கலியம்மா பெரியம்மா. லிஸ்டுல மேல நிக்கிறாங்க, துபாய்ப் பணம். அது ஒண்ணு கீழ எறங்கி வந்துருச்சுன்னா ஒரே மாசத்துல வேலய முடிச்சுருவேன்.”

டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். வெற்றிச்செல்வி டீயைத் தள்ளி வைத்தாள். பையிலிருந்த பழைய நோட்டுகளை எடுத்தாள். 2014ஆம் வருஷ வரிசையில் 2019க்குள் பூட்டிய வீடுகளைப் பேனாவால் அடித்தாள். கீழிருந்து முதல் வீடு, இரண்டாவது, மூன்றாவது... ஒன்றுகூடத் தாண்டாமல் பன்னிரண்டு. அடுத்து 2019ஆம் வருஷ வரிசை. கீழிருந்து பதினோரு வீடு வரிசையாக அடிபட்டன. பூட்டியதில் பன்னிரண்டாவதான தங்கசாமி வீடு மட்டும் மேலே இருந்தது; அவர் மகனோடு சென்னைக்குப் போனவர். மற்றதெல்லாம் பந்தியில் இலை எடுத்ததுபோல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக.

அய்யாக்கண்ணு வீட்டைப் பார்த்தாள். 2014இல் அவருக்குத் தொண்ணூற்றெட்டாயிரம். பத்து வருஷத்தில் ஏறியது பத்தாயிரம், விலைவாசிக்கு அது எந்த மூலைக்கு? ஊரில் யாரும் முன்னேறவில்லை. அடியில் நின்றவர்களை ஊரைவிட்டே அகற்றிவிட்டார்கள், நடு தானாக மேலே நகர்ந்துவிட்டது. அதைத்தான் வளர்ச்சி என்று அவள் எழுதினாள், அதற்குத்தான் பாராட்டு வாங்கினாள். காட்டிக் கொடுத்த கை இந்தக் கைதான். செல்லமுத்து அவளிடம் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் பாவம், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேசினார்.

அரங்கநாதன் சாரிடம் சொல்லலாம். போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். திருச்சியில் ‘நம்ம ஆளு’ என்றானே, அது யார்? அவராகவே இருந்தால்? எழுதியதை அனுப்பாமலே இருக்கலாம். நாளைக்கே வேறொருத்தியை அனுப்புவார்கள், அவளும் கெட்டிக்காரியாக இருந்துவிட்டால்?

அப்போதுதான் அவளுக்கு ராசாங்கம் சொன்னது உறைத்தது. எல்லா வீட்டிலும் எழுபத்திரண்டாயிரம். அதை வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கு முதலில் போவது?

இத்தனை வருஷமாக ஊர் சொன்ன அந்தப் பொய்யை முட்டாள்தனம் என்று நினைத்திருந்தாள். அது பொய் இல்லை, வேலி. எல்லோரும் ஒரே உயரத்தில் நின்றால் யார் தலையை எட்டிப் பிடிப்பது? அந்த வேலியை ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கிப் போட்டவள் இவள்தான்.

பள்ளிக்கூடத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்தாள். நோட்டின் இரண்டாம் பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, டேப்லெட்டில் ஒவ்வொரு வீடாகத் திறந்தாள். ஒரு லட்சத்து இருபதாயிரத்தை அழித்து எழுபத்திரண்டாயிரம். எண்பதாயிரத்தை அழித்து எழுபத்திரண்டாயிரம். செலவுப் பக்கத்தில் சிலிண்டர், துணி, எண்ணெய் எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தபடி மாற்றினாள். நடுவில் சங்கு ஊதியது, சுவர் குலுங்கியது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடித்த வீட்டுக்கு நேரே நோட்டில் ஒரு கோடு. கடைசி வீட்டுக்குக் கோடு போட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. சரிபார்த்தாள். ஒரு வீடும் விடுபடவில்லை. முப்பத்தாறு.

மேட்டுக்கு ஏறி வாசலில் நின்றாள். பச்சை டிக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன.  கலியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“என்ன வெற்றி, மொகமெல்லாம் சுண்ணாம்பு?”

“ஒண்ணுமில்லம்மா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இனிமே ராசாங்கம் யார் வூட்டுக்குப் போறதுன்னு தெரியாம முழிப்பான். நீங்க நிம்மதியாத் தூங்குங்க.”

கலியம்மாளுக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் அவள் சொன்னால் சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பை நிறையக் காராமணி கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்து வருஷத்தில் முதல் முறையாகப் பொய் எழுதிய கையைப் பார்த்து வெற்றிச்செல்வி சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் மதியம் பெரம்பலூரில் அவள் சாப்பிட உட்கார்ந்த நேரம் அரங்கநாதன் சார் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, ஊர் முழுக்க எழுபத்திரண்டாயிரம்? காய்ச்சலா உனக்கு? உங்கிட்டேர்ந்து இதை எதிர்பாக்கல.”

“அப்படித்தான் சொன்னாங்க சார்.” மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

“என்ன சொன்னாங்களோ. நேத்தோட கடைசி நாள், சாயங்காலமே அப்படியே மேல குடுத்தாச்சு. உருப்படியா எழுதினது ஒரே ஒரு வீடுதான்.”

“எது சார்?”

“நம்பர் ஒண்ணு. மொத நாளே வந்துடுச்சே. நாற்பத்தோராயிரம். முப்பத்தாறு வீடு ஒரே கோட்டுல நிக்குது, இது மட்டும் தனியா அடியில நிக்குது. பாத்தவுடனே கண்ணுல படுது.”

வெற்றிச்செல்வி சோற்றுக் கையோடு எழுந்தாள். பையைக் கவிழ்த்து நோட்டை எடுத்தாள். முதல் பக்கம். மூலையில் மஞ்சள் பொட்டு, நடுவில் அவள் கையெழுத்தில் அந்த ஒற்றை வரி. கணக்கில் சேர்க்கக் கூடாத முதல் போணி. அவள் சேர்க்கவில்லைதான். ஊரையெல்லாம் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டு, யாருக்காகப் பயந்தாளோ அவளை மட்டும் வரிசையின் அடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கலியம்மாள் நம்பருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை எடுத்தாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது, கொல்லைப்பக்கம் நிற்கிறாள் போலிருக்கிறது.

“வெற்றியா? இப்பத்தான் ஒன்ன நெனச்சேன். ராசாங்கம் வந்துருக்கான்.”

“அம்மா, அவங்கிட்ட எதுவும்...”

“செருப்பக் கழட்டிட்டுக் கூடத்துல வந்து ஒக்காந்துட்டான். தட்டுல பழம், பூவு, கட்டுக் கட்டாப் பணம். ஆர்த்தி பீஸ இன்னைக்கே கட்டிரலாம் பெரியம்மாங்கிறான். எனக்கெதுக்குப்பா, என் மவன் அனுப்புறான்னு சொல்லி பேங்குக்குப் போற பைய எடுத்துக் காட்டினேன். சிரிக்கிறான் வெற்றி. நாப்பத்தோராயிரத்துக்கு எதுக்கு பெரியம்மா இவ்ளோ பெரிய பைங்கிறான்.”

வெற்றிச்செல்வி நோட்டை மூடினாள்.

“நாப்பத்தோராயிரம் ஒனக்கு மட்டுந்தான தெரியும்?” என்று கலியம்மாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

வெற்றிச்செல்வி பதில் சொல்வதற்குள் போனுக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது. தூரத்தில் நிலம் உறுமியது. வீட்டுக்குள் சொம்பு தரையில் விழுந்து உருண்டுகொண்டே போகும் சத்தம் கேட்டது. அதைப் பிடிக்க யாரும் போகவில்லை.